பைகளுக்குக் காவல்

எங்கள் குடும்பத்தில் எங்கே சுற்றப் போனாலும் பைகளுக்கு நான்தான் காவல். முழங்கால் வலி வந்ததிலிருந்து அப்படித்தான். அன்று மருந்துவாழ் மலை அடிவாரத்திலும் என் நாத்தனார் பைகளை என் பக்கம் தள்ளினாள்.

"மைனி, நீங்க இங்க இருந்து பாத்துக்கிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஆளுக்கொரு பைய நீங்களே தூக்குங்க. நானும் ஏறுதேன்" என்றேன்.

பாதி வழியிலேயே முழங்கால் கெஞ்சியது. எதிரே இறங்கி வந்தவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இன்னா வந்துட்டுக்கா!"

எங்கள் ஊரில் 'இன்னா' என்றால் 'இதோ', கைக்கெட்டும் தூரம். ஒரு பாறையைத் தாண்டி அடுத்தவரைக் கேட்டேன். அவருக்கும் 'இன்னா'தான். பொய்யர்களைத் திட்டிக்கொண்டே, சில இடங்களில் கையையும் ஊன்றி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வயலும் குளங்களும், அதற்கப்பால் சுழலும் காற்றாலைகளும். "ஏறிட்டேன்!" என்று கத்தினேன். பையும் கையுமாக நாத்தனார் எனக்குப் பின்னால்தான் வந்தாள். உண்மையான தூரத்தைச் சொல்லியிருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இறங்கி வந்தால், அடிவாரத்தில் ஒரு பெண் நாலைந்து பைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப தூரமாக்கா?" என்றாள்.

"இன்னா வந்துட்டு மக்கா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ ஏறு. பைய நான் பாத்துக்கிடுதேன்."