திகதி இல்லாத கையெழுத்து

ஏதாவது பாரத்தில் திகதி எழுத வேண்டிய இடம் வந்தால் இன்றைக்கும் என் கை நின்றுவிடும். வங்கியில் இருக்கும் பிள்ளை, "திகதி போடுங்க அங்கிள்" என்று சொல்லும். பேனாவை அவளிடமே நீட்டி, "நீயே போட்டுரும்மா" என்பேன். கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்து அவளும் போட்டுத் தருவாள். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

எண்பத்து மூன்றில், கலவரம் நடந்த வருடம், எல்லாம் அடங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு கார் வாங்கினேன். அதுவரை இன்னொருவருடைய காரைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். கண்டி மார்க்கெட் பக்கத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் ஹயர் ஸ்டாண்டில் சொந்தக் காரோடு நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை. காரை விற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க சர்வேயராக இருந்தவர். கொம்பனியிலேயே புதிதாக எடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கலவரத்தில் வீட்டுக் கண்ணாடி எல்லாம் போய், இனி இந்த ஊர் வேண்டாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் போனபோது அவருடைய மனைவி காருக்குள் குனிந்து, பின் சீற்றைப் பழைய சேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகும் காரை யாராவது துடைப்பார்களா? எனக்கு அது என்னவோ போல இருந்தது.

அந்தக் காலத்தில் கார் வாங்கினால் 'ஓப்பன் பேப்பர்'தான். விற்கிறவர் பெயர் மாற்றப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் பெயரும் திகதியும் வெறுமனே கிடக்கும். அந்தப் பாரத்தை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓடலாம். செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். நாளைக்கே இன்னொருவருக்கு விற்பதென்றாலும் அதே பாரத்தைக் கை மாற்றிவிட்டால் போதும். ஸ்டாண்டில் நின்ற கார்களில் பாதி, எப்போதோ ஊரை விட்டுப் போனவர்களின் பெயரில்தான் ஓடின.

சர்வேயர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாரத்தை உடனே தரவில்லை.

"தம்பி, ஒரு மாதத்துக்குள்ள உங்கட பேருக்கு மாத்திப்போடுங்கோ. எனக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது."

"அடுத்த கிழமையே மாத்திடுறேங்கய்யா. நீங்க நிம்மதியாப் போங்க" என்றேன்.

மாற்றவில்லை. சோம்பல், கொழுப்பு, என்னவென்று வேண்டுமானாலும் சொல்லலாம். முன் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு கார் என்னுடையதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போவது பெரும்பாலும் என் காரில்தான். ஒரு நாள் பின்னேரம், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணையும் அவள் தாயையும் லயத்து வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பொனெற்றைத் திறந்தால் ஒரே ஆவி. சுற்றிலும் பனிமூட்டம், பொடித் தூறல். அந்தப் பச்சை உடம்புக்காரி பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தே போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக் பாஸிடம் விட்டேன். அவர் முஸ்லிம் ஆள், எஞ்சின் வேலையில் கண்டியிலேயே கெட்டிக்காரர். எண்ணெய்க் கம்பியை இழுத்துக் காட்டினார். எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"எஞ்சின் ஹெட் வெடிச்சித் தண்ணி எறங்கி இருக்கு. இது ஒங்கட பிழையில்ல தம்பி. இந்த மொடல் எல்லாத்துக்கும் இதே வருத்தம்தான். ஏத்தத்துல ஓடினா வெடிக்கும். கொம்பனிக்காரனுக்கே தெரியும். சும்மா மாத்திக் குடுக்கிறான் எண்டு கேள்வி. போய்க் கேளுங்க."

போனேன். கொம்பனியின் கண்டிக் கிளையில் இருந்த மனேஜர் மரியாதையான மனுசன். சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். ஆமாம், இந்த மொடலில் குறை இருக்கிறது. ஹெட்டை இலவசமாக மாற்றித் தருவதாக வாங்கிய எல்லாருக்கும் கடிதம் போட்டோம். ஆனால் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டும். நீ யார்?

"கார் என்னுடையது மாத்தயா."

"எங்கள் புத்தகத்தில் அப்படி இல்லையே."

சர்வேயரின் பெயரையும் யாழ்ப்பாணத்து விலாசத்தையும் காட்டினார். பதிவுத் தபாலில் போன கடிதம் கிடைத்ததற்கு அவர் கையெழுத்துப் போட்ட சிட்டையும் அதே கோப்பில் இருந்தது. கார் என் கைக்கு வந்து ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் போயிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அட பாவி மனுசா! கடிதம் வந்தது என்று ஒரு தபாலட்டை போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பாய்? காசை வாங்கிக்கொண்டு கை கழுவிவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஸ்டாண்டில் நின்றுகொண்டு திட்டினேன், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் திட்டினேன். காணாமல் போனவரைத் திட்டுகிறோம் என்று தெரிந்தேதான் திட்டினேன். அவர் வடக்கே எங்கேயோ பஸ்ஸில் போகும்போது காணாமல் போய்விட்டார் என்று, அவரோடு வேலை செய்த ஒருவர் முன்னமே என் காரில் வரும்போது சொல்லியிருந்தார். கேட்ட அன்றைக்கு "ஐயோ பாவம்" என்றேன். இறங்கும்போது ஹயர் காசை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

கொம்பனியோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். கார் பாஸின் கொட்டகையில் கிடந்தது, நான் மறுபடியும் பிறத்தியான் காரை ஓட்டினேன். குறை உன்னுடையது என்று நீயே ஒத்துக்கொள்கிறாய், பிறகு என்ன மண்ணாங்கட்டிக்குப் பெயர் கேட்கிறாய் என்று மனேஜரிடம் கத்தினேன். அவர் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. தபால் கந்தோர் வாசலில் டைப் அடிப்பவரைப் பிடித்து, கார் செய்த ஜப்பான் கொம்பனிக்கே இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். அங்கிருந்து பதில் வந்துவிட்டது! சாமான், கூலி இரண்டும் தங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும்.

கடிதத்தை மனேஜரின் மேசையில் போட்டேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பெயரை மாற்றிக்கொண்டு வா. பாரம் உன் கையில்தானே இருக்கிறது?"

பாரம் இருந்தது. பழைய திகதி போட்டால் இத்தனை வருடம் ஏன் மாற்றவில்லை என்று பதிவுக் கந்தோரில் கேட்பார்கள், விற்றவரைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். அதற்கு எல்லாரும் செய்கிற வேலை ஒன்றுதான். நேற்று விற்றார், இன்றைக்கு மாற்றுகிறேன் என்று புதுத் திகதி போட்டுவிடுவது.

குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தோம். மேசையில் பாரத்தை விரித்து வைத்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த மனுசன் இருக்காரோ இல்லையோன்னே தெரியல. அவரு கையெழுத்துக்குப் பக்கத்துல இந்த மாசத்துத் தேதியப் போடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

"அந்தாளு எனக்குச் செஞ்சது மட்டும் நல்லா இருக்கா? போ அங்கிட்டு."

சர்வேயரின் கையெழுத்து சின்னதாக, திருத்தமாக இருந்தது. நீல மை. என்னிடம் இருந்ததோ கறுப்புப் பேனா. அவர் கையாலேயே எழுதியது போல இருக்க வேண்டும் என்று கடைக்குப் போய் ஒரு நீலப் பேனா வாங்கி வந்தேன். அவருடைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து, இலக்கங்களைச் சின்னதாக எழுதினேன். எழுதி முடித்தபோது வேறு கை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாருங்கள்.

பெயர் மாறியது. பாரத்தின் கொப்பி ஒன்றைக் கொம்பனியிலும் கொடுத்தேன். கொம்பனி பத்து நாளில் புது ஹெட் பூட்டிக் கொடுத்தது. ஒரு சதம் வாங்கவில்லை. ஜப்பான்காரனையே மடக்கிவிட்டேன் என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். சண்டை கொஞ்சம் ஓய்ந்து வடக்குப் பக்கத்துப் பஸ்கள் ஓடிய நேரம். காலையில் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கையில் பையோடு கேற்றைத் தாண்டி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் காருக்குப் பக்கத்தில் வந்து பின் கண்ணாடியில் கையை வைத்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. சர்வேயரின் மனைவி.

"வாங்கம்மா, உள்ளுக்கு வாங்க" என்றேன்.

கதிரையில் இருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. பையிலிருந்து கொம்பனிக் கடிதம் ஒன்றை எடுத்தார். கார் கைமாறிவிட்டதால் உங்களுக்கான எங்கள் பொறுப்பு முடிந்தது என்று சர்வேயருக்கு எழுதியிருந்தார்கள். கூடவே நான் கொடுத்த பாரத்தின் போட்டோ கொப்பியும் இருந்தது. என் விலாசத்தை அதிலிருந்துதான் பிடித்திருக்கிறார்.

"இவர் எப்ப உங்களிட்ட வந்தவர் தம்பி? ஆள் நல்லா இருக்கிறாரோ?"

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

"மெலிஞ்சிட்டாரோ? தாடி கீடி வச்சிருக்கிறாரோ? எங்களுக்கு ஆபத்து வந்திடும் எண்டுதான் வீட்டுப் பக்கம் வரேல்ல போல. எனக்கு அது விளங்குது. எங்க இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

"அம்மா..." என்றேன். அவர் விடவில்லை.

"உங்களிட்ட வரத்தானே அண்டைக்கு வெளிக்கிட்டவர். கொம்பனிக் கடிதம் வந்தது, எஞ்சினில பிழை எண்டு. 'அந்தப் பெடியன் மலையில ஓடுறவன், எங்கயும் இடையில நிண்டு ஆபத்தாகிப் போகும். கார் இன்னும் என்ர பேரிலதான் கிடக்குப் போல, நான் நேரில போகாட்டிச் செய்து குடுக்க மாட்டாங்கள்' எண்டவர். நான் எழுதிப் போடுங்கோ எண்டு சொன்னனான், கேக்கேல்ல. வவுனியாவுக்குக் கிட்ட ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கினதெண்டு கூட வந்த ஆக்கள் சொன்னவை. அதோட முடிஞ்சுது எண்டுதான் நாங்கள் இருந்தம். இப்ப பாத்தா, உங்களிட்ட வந்து சேந்திருக்கிறார்."

கொப்பியைத் தூக்கி அந்தத் திகதியில் விரலை வைத்துக் காட்டினார். "இது அவரின்ர எழுத்துத்தானே. எனக்குத் தெரியாதே?"

நான்கு மாதம் நான் திட்டிய திட்டெல்லாம் என் காதிலேயே விழுந்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆமாம் வந்தார், நன்றாக இருக்கிறார், எங்கே போனார் என்று தெரியாது. சொல்லிவிட்டால் அவர் அடுத்து ஊர் ஊராகத் தேடிப் போவார். ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நிற்பார். நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"அந்தத் தேதி நான் எழுதுனதும்மா. ஐயா வரல. கையெழுத்து அன்னைக்கு உங்க வீட்டுல வச்சுப் போட்டது. தேதிய மட்டும் நான்தான்... அவரு எழுத்து மாதிரியே எழுதினேன். என்னைய மன்னிச்சிருங்கம்மா."

அவருக்கு உடனே விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திகதியைப் பார்த்தார். அழுவார், ஏசுவார், செருப்பைக் கழற்றி அடிப்பார் என்று இருந்தேன். அடித்திருக்கலாம். கொப்பியை மடித்துக் கடிதத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் வெளிக்கிடுறன்" என்றார்.

சாப்பிடச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார். என் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, "வேண்டாம், பஸ்ஸில போவம்" என்றார். நானும் கூடப் போனேன்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் வவுனியா பஸ் நின்றது. ஜன்னல் பக்கத்து இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கீழே நின்று அண்ணாந்து, "பெரிய பாவம் பண்ணிட்டேம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கொண்டக்டர் பலகையைத் தட்டிக் கத்தத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் உண்மையைச் சொன்னது சரி தம்பி. எண்டாலும், நேற்று வரேக்க பஸ்ஸில நான் நல்லா நித்திரை கொண்டனான். அவர் போன பிறகு நேற்றுத்தான் முதல்தரம்."