பைனாகுலர் வாங்காமல் விட்ட தவறு

மொன்றியலில் வேலை ஓய்வுக்குப் பிறகு, மருமகனோடு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கினேன். துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்க எட்டுக் கடைகளில் விலை கேட்டு, ஒதுக்கியிருந்த அறுநூறு டொலரையும் பெரிய உருப்பெருக்கம் கொண்ட ஒன்றுக்கே கொடுத்தேன். பைனாகுலருக்குக் காசு மிஞ்சவில்லை. தூரத்தைப் பார்க்கவும் ஸ்கோப்பே போதும் என்று நினைத்தேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள், காட்டில் நூறு மீற்றர் தள்ளிப் புதர் அசைந்தது. மானா என்று பார்க்கத் துவக்கை உயர்த்தினேன். ஸ்கோப்புக்குள் வேட்டைக்காரர் அணியும் செம்மஞ்சள் மேலங்கி தெரிந்தது. இடம் மாறி வந்த என் மருமகன்! விரல் விசையைத் தொடவில்லை. ஆனால் துவக்கில் நான்கு தோட்டாக்கள் இருந்தன.

துவக்கை இறக்கிவிட்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான் சீதனம்கூடக் கேக்கேல்லையே மாமா, பிறகேன் சுடப் பாத்தனீங்கள்?" என்று சிரித்தவர், சட்டென்று முகம் மாறினார். "பைனாகுலர் இல்லாமல் இனி என்னோட வராதேங்கோ."

"ஓம், வாங்கிறன்," என்றேன்.

அந்த ஸ்கோப்பை நானூறுக்கு விற்றேன். அதில் பாதிக்கு உருப்பெருக்கத்தை மாற்ற முடியாத எளிய ஸ்கோப், மீதிக்குப் பழைய பைனாகுலர். இரண்டையும் கடை வாசலில், அந்தி மங்கலில் அவற்றினூடாக எதிர்த்தெருப் பலகையை வாசித்துப் பார்த்த பிறகே வாங்கினேன்.

இப்போது எது அசைந்தாலும் முதலில் பைனாகுலரையே எடுக்கிறேன். மான் என்று உறுதியாகும்வரை துவக்கின் வாய் நிலத்தைப் பார்த்தே இருக்கும். இந்த வருடம் மான் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடப் பயணத்துக்கு மருமகன் என்னையும் சேர்த்திருக்கிறார்.