வட்டத்தின் முன்பக்கத்தால் வெளியேறியவன்

அந்த ஜெர்மன்காரன் என் மகளை அழவைத்த நாளிலிருந்து, இவனுக்கு ஒருநாள் நான் யாரென்று காட்டாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

சிட்னியின் மேற்கில் எங்கள் தடகளக் கிளப்பின் பயிற்சியாளன் அவன். இளமையில் தன் நாட்டுக்காக டெக்காத்லனில் இறங்கியவன்: ஓட்டம், பாய்ச்சல், எறிதல் என்று இரண்டு நாளில் பத்துப் போட்டி. பெரிய போட்டியொன்றில் கோலூன்றிப் பாயும்போது மூன்று தடவையும் குறுக்குத் தடியைத் தட்டிவிட்டுப் பூச்சியம் வாங்கினானாம். அதோடு அவன் காலம் முடிந்தது. இந்தக் கதையைக் கேட்காத பெற்றோர் கிளப்பில் இல்லை. பாவம் என்று நானும் உச்சுக்கொட்டியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன்தான், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால், உன் உடம்பு இதற்குச் சரிவராது, உங்கள் ஆட்களுக்குப் படிப்புத்தான் லாயக்கு என்று என் பிள்ளைக்குச் சொன்னான். அவள் ஓடுகிற சப்பாத்தைக் குப்பைவாளியில் போட்டாள். பிறகு ஓடவேயில்லை.

கிளப்பில் பெற்றோர்தான் நடுவர்களாக நின்று கொடி பிடிக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கென்று பார்த்து வேலையிடத்தில் டியூட்டி வந்துவிடும். நானோ மகள் விலகின பிறகும் விடாமல் போனேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர்.

"ஓம், விசர்தான்."

போன கோடையில் மூத்தோருக்கான டெக்காத்லன். முழங்கால் ஒப்பரேசனுக்கு முன் கடைசித் தடவையாக அவனும் இறங்கினான். பத்தையும் பூச்சியமில்லாமல் முடித்து வெல்லவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். தட்டெறிதல் வரைக்கும் அவன்தான் முன்னுக்கு. தட்டெறி வட்டத்தடியில் கொடியோடு நின்றது நான். மூன்று எறியில் முதல் இரண்டும் பக்கத்து வலைக்குள் போய் வீணாயின. மூன்றாவது, கடவுளே, என்ன எறி! தட்டு விழுந்ததும் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு வட்டத்தின் முன்பக்கத்தால் வெளியே ஓடினான்.

எறிந்தவர் பின்பாதியால்தான் வெளியேறவேண்டும். இல்லாவிட்டால் எறி செல்லாது. எனக்கு அதைச் சொல்லித்தந்ததே அவன்தான்.

சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

சும்மா கிளப் போட்டிதானே, விடுங்கள் என்றார்கள். விடுவேனா? அவன் கிட்ட வந்து, மெல்ல, "பிளீஸ்" என்றான். நான் கொடியை இறக்கவில்லை. பூச்சியம் எழுதினார்கள். நெஞ்சு குளிர்ந்துபோனது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து குசினியில் மகளிடம் சொன்னேன்.

"வேற ஆளெண்டா சிவப்புத் தூக்கியிருப்பீங்களோ, அம்மா?"

"சத்தியமா இல்லை."

ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"அந்தாள் பிளீஸ் எண்ட இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ."