ஒன்பதாவது கேள்வி

என் தாய்மாமன் பத்து வார்த்தை சொன்னால் ஒன்பதைக் காற்று கொண்டுபோய்விடும், மிச்சம் ஒன்றைத்தான் நம்பலாம் என்பாள் அம்மா. அதனால்தான் அவர் சட்டசபைக்குக் கிளம்பியபோது கூடவே என்னையும் அனுப்பிவைத்தாள். "இன்னா நடக்குதுன்னு கண்ணால பாத்துக்கினு வந்து சொல்லு. உங்க மாமன் சொல்றத நான் நம்பப்போறதில்ல" என்றாள். அப்போது நான் ஏழாம் வகுப்பை முடித்திருந்தேன்.

விஷயம் ஓர் ஓடை. கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடுகிறது. வெயில் காலத்தில் ஆட்டுக்குட்டிகூட அதை மதிக்காது. மழைக்காலத்தில் ஆள் உயரத் திமிரோடு வரும். முந்தின மழையில் நடு ஓடையில் கால் வழுக்கி, ஒரு பாறையில் மாட்டிக்கொண்டதால் நான் பிழைத்தேன். புத்தகப் பை பிழைக்கவில்லை. அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "பாலம் வருதுன்னா எட்டாவதுக்குப் போ. வரலன்னா வூட்லயே இரு." அப்பா கேரளத்தில் மிளகு பறிக்கப் போயிருந்தார். அவர் இல்லாத வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அவர் இருந்தாலும் அப்படித்தான்.

மாமா அம்மாவின் பெயரில் ஒரு மனு எழுதி, ஏழெட்டு நடை நடந்து எம்.எல்.ஏ.விடம் சேர்த்தார். அவர் அதைக் கேள்வியாக்கிச் சட்டசபைக்குக் கொடுத்தார். அங்கே நினைத்த நேரத்தில் எழுந்து கேட்டுவிட முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், சபாநாயகர் அனுமதிக்க வேண்டும், பட்டியலில் அச்சாக வேண்டும். அதற்குள் அதிகாரிகள் மந்திரிக்கு விடையையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். விடைதான் தயாராக இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கேட்பது என்றேன். "சாமிக்குத் தெரியாததையா நாம வேண்டிக்கிறோம்? நாலு பேரு முன்னால வாய்விட்டுக் கேக்கணும் பாப்பா" என்றார் மாமா. அவர் சொன்னதில் நம்பத்தக்க பத்தாவது வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முந்தின நாளே மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறிச் சென்னை போய், மாமாவின் சிநேகிதர் வீட்டில் தங்கி, காலையில் கோட்டைக்குப் போனோம். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். செல்போனையும் மஞ்சள் பையையும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. மாமாவுக்கு மூன்றுமே பழக்கம். பாவம், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சபாநாயகர் ஒரு திருக்குறளைப் படித்துச் சபையைத் தொடங்கினார். எங்கள் பள்ளிக்கூடமும் அப்படித்தான் தொடங்கும் என்பதால் எனக்கு அந்த இடத்தின் மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. எங்களுடையது ஒன்பதாவது. முதல் கேள்வி எங்கோ ஓர் ஏரியைத் தூர் வாருவது பற்றியது. மந்திரி விடை சொன்னதும், அதை ஒட்டித் துணைக்கேள்வி கேட்க ஐந்தாறு பேர் கையைத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் தலைவருக்கு நன்றி சொல்லி, தொகுதி மக்களுக்கு நன்றி சொல்லி, ஊரைச் சுற்றி வந்து கடைசியில்தான் ஏரிக்கரையை அடைந்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தையும் எங்கள் எம்.எல்.ஏ.வின் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது கேள்வி ஒரு பஸ் நிலையம். அதற்கு மூன்றாவது துணைக்கேள்வி வந்தபோது எங்கள் எம்.எல்.ஏ. இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். மந்திரி பதில் சொல்லி உட்கார்ந்ததும் சபாநாயகர் மணியைப் பார்த்தார். வினாக்கள் விடைகள் நேரம் முடிந்தது, மீதி வினாக்களுக்கான விடைகள் பேரவை முன் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அறிவித்தார். அவ்வளவுதான். எம்.எல்.ஏ. தாளை மடித்தார். மாமா பாதி எழுந்துவிட்டார். காவலர் வந்து தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

வெளியே வந்ததும் உதவியாளர் சமாதானம் சொன்னார். கேள்வி வீணாகவில்லை, விடை அச்சில் இருக்கிறது, பிரதியைத் தபாலில் அனுப்புகிறோம் என்றார்.

பஸ்ஸில் மாமா என் பக்கம் சாய்ந்தார். "கேட்டாரு, மந்திரி கட்டித் தரோம்னாருன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதான?"

"நான் பொய் சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். வகுப்புத் தலைவி வேறு நான். ஊர் வந்ததும் நடந்ததை நடந்தபடி அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள், "அப்ப கடுதாசி வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அது வந்தது. நான் மரவள்ளிக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்தேன். உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. அம்மா தாளை நீட்டினாள். "இன்னா போட்டிருக்குது, படி."

அவளுக்கு எழுத்து தெரியாது. தாளில் இப்படி இருந்தது: அ. மேற்படி ஓடையின் குறுக்கே பாலம் கட்ட அரசு முன்வருமா? ஆ. ஆம் எனில், எப்போது? எதிரே விடை: அ. இல்லை. ஆ. இவ்வினா எழவில்லை.

பொய் சொல்ல மாட்டேன் என்றவள்தான் வாயைத் திறந்தேன். "பாலம் கட்ட அரசு முன்வந்திருக்கிறது. ஓடையை அளக்கச் சொல்லி உத்தரவு போட்டாயிற்று. கூடிய சீக்கிரம் வேலை ஆரம்பிக்கும்" என்று செய்தி வாசிப்பவர் குரலில் படித்தேன்.

அம்மா தாளை எட்டிப் பார்த்தாள். "துளியூண்டு போட்டிருக்குது, நீ நீட்டிக்கினே போற?"

"சர்க்கார் தமிழ் அப்படித்தான்மா. கம்மியா எழுதி ஜாஸ்தியா சொல்லும்."

அவள் தாளை வாங்கி மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். "சரி. எட்டாவதுக்குப் போ."

அந்த மழைக்காலம் முழுக்க அவள் தினமும் இரண்டு வேளை ஓடைக்கு வந்தாள். மாட்டுக் கயிற்றை மருத மரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, முன்னால் தண்ணீரில் இறங்குவாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். அக்கரையில் என்னை ஏற்றிவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு திரும்புவாள். ஒரு நாளும் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை, ஓடையை அளக்க ஏன் ஆள் வரவில்லை என்று கேட்கவுமில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குற்றவுணர்ச்சி பிடுங்கித் தின்றது.

எங்கள் மலையில் தபால்காரர் கடிதத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவர் அல்ல. எழுத்து தெரியாத வீடென்றால் அவரே உறையைப் பிரித்து, இரண்டு தரம் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அம்மாவை ஏமாற்றிவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.