தொப்பூர் இறக்கமும் இரண்டு கம்பெனிகளும்

போன வாரம் இரண்டு கம்பெனி வண்டிகளில் தொப்பூர் கணவாயில் இறங்கி ஏறினேன். இறங்கும்போது இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் ஏறும்போது போய்விட்டது!

எங்கள் பக்கத்துத் தெரு மாதையன், நல்லம்பள்ளியிலிருந்து தினமும் சாமந்தி ஏற்றிக்கொண்டு சேலம் போகிறவர். கூடவே மனைவி சிவகாமி. பூ மார்க்கெட்டில் பேரம் பேசுவது அவர்தான். டீசல் பிக்கப் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருமிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜை சீசனில் அது வழியில் படுத்துவிட்டால் பிழைப்பே போச்சு. அதனால் எலெக்ட்ரிக் பிக்கப் வாங்க முடிவு.

எந்தக் கம்பெனி? அங்கேதானே சிக்கல்! ஒன்று, காலங்காலமாக லாரி செய்யும் பழைய கம்பெனி. இன்னொன்று, நேற்று முளைத்த புதுக் கம்பெனி. "புதுசு நாளைக்கு இருக்குமா?" என்கிறது பழசு. "பழசுக்கு பேட்டரி பற்றி என்ன தெரியும்?" என்கிறது புதுசு. எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது…

"நீங்க பத்திரிகையில எழுதறவருங்க சார். கூட வந்து பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றார் மாதையன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப இன்னும் ஒருவர் இருக்கிறாரே! சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன்.

முதல் நாள், புதுக் கம்பெனியின் டெமோ வண்டி. சேலத்தில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கணவாய் ஏறி முடிப்பதற்குள் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. ஊர் வந்து சேர்ந்ததே பெரும்பாடு. மறுநாள் பழைய கம்பெனி வண்டி. அதே பாரம், அதே பாதை. சார்ஜ் தாராளமாக மிச்சம்!

"பழைய ஆளுங்க பழைய ஆளுங்கதான் சார்" என்று தீர்ப்பு சொன்னார் மாதையன். அந்தக் கம்பெனி சேல்ஸ்மேன் கைகுலுக்கிவிட்டு உற்சாகமாகக் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மாதையனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம். "கணவாய் இறங்கறப்ப நியூட்ரல் போட்டீங்களாண்ணா?"

"பின்ன? சார்ஜ் மிச்சம் பண்ண வேணாமா?" என்றார் மாதையன்.

எங்கள் பக்கத்து டிரைவர்களின் பழக்கம் அது. இறக்கம் வந்தால் நியூட்ரல்… டீசல் மிச்சமாம். கணவாய் நெடுக 'நியூட்ரலில் இறங்காதீர்' என்று போர்டு இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே நியூட்ரலில் இறங்குவார்கள்! பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளை எல்லோரும்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண் சொன்னது வேறு: எலெக்ட்ரிக் வண்டி கியரில் இறங்கினால், அந்த ஓட்டத்திலேயே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுமாம். நியூட்ரல் போட்டால் ஏறாதாம்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டாம் நாள் கணவாய் உச்சியில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது. பயத்தில் மாதையன் நியூட்ரல் பக்கமே போகவில்லை. அப்படியென்றால் ஜெயித்தது பழைய கம்பெனியா, போலீஸ் ஜீப்பா?

இரண்டு டெமோ வண்டியையும் மறுபடி கேட்டு வாங்கி, கியரிலேயே ஓட்டிப் பார்த்தோம். சார்ஜ் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குத் தலை சுற்றியது. என்ன முடிவு சொல்வது?

சிவகாமிக்கு மட்டும் குழப்பமே இல்லை. "புதுக் கம்பெனி வண்டியே வாங்கிடலாங்கண்ணா."

"ஏம்மா?"

"பழைய கம்பெனிக்காரரு ஜெயிச்சதும் வூட்டுக்குப் போய்ட்டாரு. அந்தப் பொண்ணுதான் நியூட்ரல் போட்டீங்களான்னு கேட்டுச்சு. தெனமும் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காந்து நான் கேக்கறதும் அதானுங்களே!"

மாதையன் தரையைப் பார்த்தார். புதுக் கம்பெனி நிலைக்குமா, ஸ்பேர் கிடைக்குமா என்ற என் சந்தேகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும் புக்கிங் போட்டாயிற்று.

புது வண்டி வர இன்னும் நாளாகும். நேற்று அதே டீசல் வண்டியில் மூவரும் சேலம் போனோம். கணவாயில் மாதையன் கியரை விடவே இல்லை.

"இதுல சார்ஜ் ஏறாதே?" என்றேன் கிண்டலாக.

"தெரியுங்க சார்" என்றவர், மெதுவாகப் பேசும்படி கையைக் காட்டினார்.

நடுவில் சிவகாமி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.