பைக்கு இருந்த மரியாதை

எழுபதுகளின் தொடக்கத்தில், அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனை ரேஷன் கடையில் வரிசையாக நின்றவை பைகளே, மனிதர்கள் அல்லர். விடியற்காலையில் பைக்குள் ஒரு செங்கல் துண்டை இட்டு, வரிசையில் வைத்துவிட்டு, அவரவர் இல்லம் ஏகிக் காபி அருந்துவது வழக்கம். எவர் பையையும் எவரும் நகர்த்தியதில்லை. இத்தகைய பரஸ்பர நம்பிக்கை உலகில் வேறெங்கேனும் உண்டோ என்று எங்களை நாங்களே அடிக்கடி பாராட்டிக்கொள்வோம்.

அந்நம்பிக்கைக்குச் சோதனையாக வந்து சேர்ந்தார், ரங்கூனிலிருந்து கணவர் பிள்ளைகளுடன் திரும்பியிருந்த ஒரு பெண்மணி. முறையான ரேஷன் அட்டை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, ஆட்கள் எவரும் இல்லையே என்று, பைகளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். சனிக்கிழமையைத் தவறவிட்டால் அந்த வாரத்து அரிசி போயிற்று.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி பொங்கி எழுந்தார்.

"ஏம்மா, இத்தனை பை இருக்கே, கண்ணு தெரியலையா? இங்க பைதான் கணக்கு. கப்பல்லேர்ந்து எறங்கினவாளுக்கெல்லாம் அரிசி குடுத்துண்டிருந்தா, வரி கட்டறவா என்னத்தைத் திங்கறது?"

அவருடைய ஓய்வூதியம் மட்டும் மழையைப் போல வானிலிருந்து பொழிவதாக அவர் எண்ணியிருக்கக்கூடும். பெண்மணி கடைசிக்குப் போனார். அவர் முறை வருமுன் அரிசி தீர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்பாக வந்து, அவரும் செங்கல்லுடன் ஒரு பையை வைத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அது சுவரோரம் கிடந்தது.

"யார் பைன்னு தெரியாம எப்படி நம்பறது? நீங்கள்லாம் ஆளா வந்து நிக்கணும்" என்றார் அதிகாரி.

வரிசையில் பை வைத்திருந்த பூக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சாமி, போன வாரம் ஆளு நின்னுச்சு, பை இல்லைன்னே. இப்ப பை கீது, ஆளு இல்லைன்றே. அந்தம்மா இன்னாதான் பண்ணும்?"

"நீ சும்மா இரு. நம்ம ஊர்ல நமக்கே பத்தலை."

"நம்ம ஊரா? தஞ்சாவூர்க்காரன்னு நீதானே பெருமையா சொல்லிகினு இருந்தே?"

ரங்கூன் பெண்மணி வாதாடவில்லை. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்து வந்து முதலிடத்தில் வைத்தார்; பக்கத்திலேயே சம்மணமிட்டு அமர்ந்தார். இப்போது பையும் இருந்தது, ஆளும் இருந்தது. தெருவின் அறிவாளிகள் நால்வர் ஒதுங்கிநின்று ஆலோசித்தனர். மூன்றாவது விதி ஒன்றை அவர்கள் இயற்றி முடிப்பதற்குள் கடைக்காரர் கதவைத் திறந்து, முதலில் நீட்டப்பட்ட அட்டையை வாங்கி, அரிசியை நிறுக்கத் தொடங்கிவிட்டார்.