அருள்சாமி பிழிந்து தந்த காபி

பெரம்பலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் காபி போட்டுக்கொண்டிருந்த அருள்சாமி மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அரியலூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பயணிதான் சொன்னார்: "நம்ம எக்ஸ்பிரஸ் காபிக்காரரு போயிட்டாரு சார்." ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருள்சாமி வரதராஜன்பேட்டைக்காரர். சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் குடித்த எஸ்பிரஸ்ஸோ காபி அவரைப் பிடித்துக்கொண்டது. எழுபதுகளின் நடுவில் ஊர் திரும்பியபோது, அந்தத் துறைமுகக் கடை ஒன்றில் கழித்துப்போட்ட கைப்பிடி மெஷினையும் கொண்டுவந்து எங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே கடை வைத்தார்.

எஸ்பிரஸ்ஸோவை நாங்கள் 'எக்ஸ்பிரஸ்' என்போம்; எங்களுக்கு அது கல்யாணத்தில் உஸ்ஸென்று ஆவி அடித்து, நுரை பொங்கத் தரும் பால் காபிதான். அவர் சிரிப்பார்.

"ஆவி அடிச்சா பால்தாங்க நுரைக்கும். எஸ்பிரஸ்ஸோன்னா பிழிஞ்சு எடுக்கறது. ரயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார்."

பொடியை நைசாக அரைத்து, சல்லடைக் கிண்ணத்தில் இறுக அமுக்குவார். கைப்பிடியை இழுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெந்நீரைப் பொடிக்குள் நெட்டித் தள்ளும். காபி தேன்போல் ஒழுகும். மேலே செம்பழுப்பாய் மெல்லிய நுரை படியும். பொடி கரகரப்பானால் தண்ணீர் ஓடிவிடும், சாரம் இறங்காது. ரொம்ப நைசானால் அடைத்துக்கொண்டு கசந்துபோகும். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு சார்" என்பார்.

அந்த இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். குடிக்கத்தான் ஆளில்லை. "என்னங்க இது, ரெண்டு மொடக்கு கஷாயம்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். எனக்கும் கசந்தது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பிறகு மெஷினின் ரப்பர் வாஷர் வெடித்தது. திருச்சியிலும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. டயர் டியூபை வெட்டிப் பொருத்தினார். ஒரு காலையில் அது பிய்த்துக்கொண்டு, கொதிநீர் வலக்கையில் பீய்ச்சியது. புண் ஆறியது, மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. கைப்பிடியை இழுக்க வேறு ஆள் வைக்கலாமே என்றேன்.

"வச்சி? யாரு குடிக்கப் போறாங்க சார்?"

அவர் மனைவி செலினா அம்மா மெஷினைப் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்டார். அருள்சாமி தடுக்கவில்லை. கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் சேர்ந்து, இடக்கையால் ஆவி மெஷின் முன் நின்றார். பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். நுரை ததும்பும் டம்ளரை நீட்டினார்.

"குடிங்க சார். இதுதான் எல்லாருக்கும் புடிக்குது."

குரலில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருக்கலாமே என்று தோன்றியது. அதுவே கடைசிச் சந்திப்பு.

வரதராஜன்பேட்டையில், பெட்டியை மூடுமுன் செலினா அம்மா அவர் விரல்களில் ஜெபமாலையைக் கோக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. மணிக்கட்டில் சுற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்த ருசி அவரு நாக்குல மட்டும்தாங்க இருந்துச்சு. எங்களுக்குக் கடைசி வரைக்கும் புரியல."

அவ்வருஷம் மழையில்லை. கடப்பாரையால் பெயர்த்த மண் கட்டிகட்டியாய்ப் பெட்டிமேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் அடங்கியது. பங்குச்சாமியார் வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை மடக்கினார். நாங்கள் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நடந்தோம்.

போய் வாருங்கள், அருள்சாமி. உங்களைத் தனியே விட்டுத்தான் வந்தோம், அன்றும் இன்றும்.